மூட்டையின் காதுப் புண்ணைத் துடைத்தவள்

அந்தப் பத்திரிகை ஆபீசில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. வாசல் காவலாளிக்கு அவள் டச்சப் அக்கா. பக்கம் கட்டும் லேஅவுட்காரருக்கும் டச்சப் அக்கா. மாடியில் இருந்த ஆசிரியை மேடத்துக்கு அக்காவும் கிடையாது. "அந்த டச்சப்பை வரச் சொல்லு" என்பார். வேலையே பெயராகிப் போனவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அது என்ன வேலை என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள், குறை இல்லையா என்று.

பெண்களுக்கென்று நடத்திய பத்திரிகை அது. அதில் வரும் பெண்கள் ஒருத்திக்கும் தோல் இருக்காது. தோல் இருக்க வேண்டிய இடத்தில் பளிங்கு மாதிரி ஏதோ இருக்கும். அந்தப் பளிங்கை இழைத்துக் கொடுத்தவள் இவள்தான். கேமராக்காரர் எடுத்து வரும் படத்தில் பரு இருக்கும், தழும்பு இருக்கும், மேலுதட்டில் பூனைமுடி இருக்கும், அக்குளில் மடிப்பு இருக்கும். மனுஷி என்றால் இருக்கத்தானே செய்யும்? அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அதோடு இணைத்த வரைபலகை மேல் பேனாவை ஓட்டி, பக்கத்தில் இருக்கும் நல்ல தோலைக் கிள்ளி எடுத்துக் கெட்ட தோல் மேல் ஒட்டுப் போடுவாள். கிழிந்த சேலைக்கு அதே சேலையின் ஓரத்தை வெட்டி ஒட்டுப் போடுகிற மாதிரி. தலையில் ஒரு நரை இல்லாத காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். நரை எண்ண முடியாமல் போனபோதும் அதே நாற்காலிதான்.

மேடம் சட்டம் வைத்திருந்தார். சிரிக்கலாம், ஆனால் கண்ணோரம் சுருங்கக் கூடாது. பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது. பிள்ளை பெற்றவளாக இருக்கலாம், வயிறு அதைக் காட்டிக் கொடுக்கக் கூடாது. மச்சம் இருக்கலாம், ஆனால் வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் பிசிறினால் அது மச்சம் இல்லை, அழுக்கு. இப்படி. கடவுளே வந்து அந்த ஆபீசில் பெண்ணைப் படைத்திருந்தாலும் மேடம் திருப்பி அனுப்பியிருப்பார், முழங்கை கறுப்பாக இருக்கிறது என்று.

ஒரு தடவை அட்டைப் படத்துக்கு வந்த பெண்ணின் வயிற்று மடிப்பைத் துடைக்கப் போய், டச்சப் அக்கா தொப்புளையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். பத்திரிகை கடைக்குப் போய்விட்டது. வாங்கிப் படித்தவர்களில் ஒருவராவது கண்டுபிடிக்க வேண்டுமே! லேஅவுட்காரர் மட்டும் அவள் காதருகில் வந்து, "ஏன் அக்கா, இந்தப் பொண்ணு அம்மா வயித்துல பொறக்காம நேரா பிரஸ்லயே பொறந்துடுச்சா?" என்றார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அவள் அறைக்கு ஜன்னல் கிடையாது. நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்று சுவர் முழுக்கச் சாம்பல் வண்ணம் அடித்திருந்தார்கள். அவள் கன்னத்திலோ சின்ன வயதுப் பரு குடியிருந்து, காலி செய்தபோது குழி குழியாக விட்டுவிட்டுப் போயிருந்தது. விளம்பரம் கொடுப்பவர்கள் வரும் நாளில், "உன் ரூம் கதவைச் சாத்திக்கோ, ஏசி வெளியே போகுது" என்று மேடம் சொல்லியனுப்புவார். அந்த அறைக்கு ஏசியே கிடையாது. அவளும் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்ச் சாத்திக்கொள்வாள். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் அவளும் அண்ணனும்தான். அண்ணன் பஸ் கண்டக்டர். தங்கைக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவருக்கும் ஆகவில்லை; ஒருத்தர் சமைத்தால் ஒருத்தர் குறை சொல்வது என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பஸ் டெப்போவுக்குப் போன பிறகு, கடைசி சீட்டுக்குக் கீழே ஒரு சாக்கு மூட்டை முனகியது. அவிழ்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு நாய்க்குட்டி. யாரும் தேடி வரவில்லை. அண்ணன் அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வந்து தங்கை மடியில் கொட்டினார். "இந்தா, லக்கேஜ் டிக்கெட் வாங்காத மூட்டை. திட்டறதுன்னா இதைத் திட்டு, என்னைத் திட்டாதே."

மூட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. உலகத்தில் அவள் முகத்தை முகமென்று பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். சாயங்காலம் அவள் தெருமுனை திரும்பும்போதே அவன் வால் கதவைத் தட்டும். உள்ளே வந்ததும் கன்னத்துக் குழிகளை ஒன்று விடாமல் நக்கிவிட்டுத்தான் விடுவான்.

அந்த மூட்டைக்கு வியாதி வந்தது. முதலில் கண்ணைச் சுற்றி முடி கொட்டியது, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி. அப்புறம் முதுகில் பொடுகு பொடுகாக உதிர்ந்தது. நகம் பருந்து நகம் போல நீண்டு வளைந்தது. இடது காதின் ஓரத்தில் ஒரு புண் வந்து, ஆறுவேனா என்று நின்றது. எதிர் வீட்டுக்காரி மாடியிலிருந்து கத்தினாள்: "அந்தச் சொறி நாயை எங்கேயாவது கொண்டு போய் விட்டுட்டு வாங்களேன்! பார்க்கவே சகிக்கலை!"

"உன்னைத் தினமும் பார்க்கறோமே, நாங்க சகிச்சுக்கலையா?" என்று அண்ணன் பதில் கத்தினார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது கால்நடை ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், கழுத்து நெறிக்கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்தார், கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"கொசுவை விடச் சின்னதா மணல் ஈன்னு ஒண்ணு இருக்கும்மா. அது கடிச்சு உள்ளே விட்ட ஒட்டுண்ணி இது. தோல்ல தெரியறது மேல் வேஷம். உள்ளே எலும்பு வரைக்கும் இருக்கு."

"மருந்து குடுத்துக் கொன்னுட முடியாதா டாக்டர்?"

"அதுதான் கஷ்டம். உடம்புக்குள்ளே திருடனைப் பிடிக்கக் காவல்காரன் இருக்கான் இல்லையா? இந்தத் திருடன் போய் ஒளிஞ்சிருக்கறது அந்தக் காவல்காரனோட சட்டைப் பைக்குள்ளேயே. அவன் ஊரெல்லாம் தேடறான், தன் பையில மட்டும் கை விட மாட்டேங்கறான். மாத்திரை குடுத்தா திருடன் கூட்டம் பெருகாம இருக்கும், அவ்வளவுதான். அதனால இன்னொரு ஊசி போடறேன். அது திருடனைக் கொல்றதுக்கு இல்லை. காவல்காரனுக்குப் பாடம் சொல்லித் தர்ற ஊசி. 'இவன்தான், உன் பையில இருக்கான், பிடி'ன்னு. உடம்பே சண்டை போடணும்."

"போடுமா?"

"சில நாய் போடும், சிலது போடாது. புண்ணைப் பார்த்தாத் தெரியும். காஞ்சுக்கிட்டு வந்தா உடம்பு முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். காயலைன்னா வேற கடுமையான ஊசி ஒண்ணு சேர்க்கணும். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அதனால அவசியமில்லாம தொட மாட்டேன். அவசியம்னா தள்ளிப் போட மாட்டேன். புரியுதா? எனக்குக் கண்ணு இந்தப் புண்ணுதான்."

ஆஸ்பத்திரிக்கு நடந்து போக முடியாது, பஸ்ஸிலோ நாயை ஏற்றக் கூடாது. அன்றைக்கு வாடகை வண்டிக்காரர் ஒருத்தர் கையைக் காலைப் பிடித்த பிறகு ஏற்றினார், இறக்கிவிட்டு சீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஆகவே டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். அடுத்தடுத்த ஊசிகளை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்தகத்துக் கம்பவுண்டர் போடுவார். வாரா வாரம் பகல் வெளிச்சத்தில் காதையும் கண்ணையும் வயிற்றையும் படமெடுத்து அவள் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து அவர் முடிவு சொல்வார்.

படம்தானே? படத்துக்குள்ளேயே குடியிருப்பவள் இல்லையா அவள்? நிம்மதியாகத் தலையாட்டினாள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். காலையில் மூட்டையைத் திண்டாடிப் பிடித்துப் படமெடுப்பாள். போனில் பார்த்தால் எல்லாம் மஞ்சள் பூத்துத் தெரியும். சிவப்பு சிவப்பாகத் தெரிந்தால்தானே டாக்டருக்குப் புரியும் என்று, படத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மஞ்சளைக் கொஞ்சம் குறைப்பாள். அதற்குள் மாடியிலிருந்து போன் வரும். லேஅவுட்காரர் வந்து ஏதாவது கதை அளப்பார். இவள் அவர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே பேனாவை ஓட்டிக்கொண்டிருப்பாள். அரிசியில் கல் பொறுக்குகிறவள் பேசிக்கொண்டே பொறுக்குவதில்லையா? வாய் ஊர்க்கதை பேசும், கண் எங்கேயோ இருக்கும், விரல் மட்டும் கல்லைத் தேடிப் போகும். கடைசியில் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைத் திறப்பாள்.

டாக்டரம்மாவிடமிருந்து பதில் வரும்: "நல்லா காயுது. இப்படியே போகட்டும்."

"பார்த்தியா அண்ணே? நல்லா காயுதாம்!"

அண்ணன் மூட்டையைத் தூக்கிப் பார்ப்பார். "என்னத்தைக் காயுது? விலா எலும்பை ஒவ்வொண்ணா டிக்கெட் கிழிக்கற மாதிரி கிழிக்கலாம் போல இருக்கு. சாப்பாட்டைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறான்."

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் படி, படி, உள்ளே போ, உள்ளே போ. ஆனா கண்ணு இருக்கே?"

அவளுக்கும் கண் இருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் காதுப் புண்ணைப் பார்ப்பாள். பார்த்தால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் டாக்டர் எழுதியது கையில் இருக்கிறதே! எழுத்தில் வந்ததை நம்பி, எதிரே கிடப்பதை நம்பாமல் போகிற புத்தி மனுஷருக்குத்தான் உண்டு, நாய்க்குக் கிடையாது. கம்பவுண்டரோ ஊசியைப் பார்ப்பாரே தவிர நாயைப் பார்க்க மாட்டார்.

ஒரு காலை மூட்டை எழுந்திருக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து தரையில் உறைந்திருந்தது. அவள் குரல் கேட்டு வாலை ஒரு தட்டுத் தட்டினான், அதற்கு மேல் முடியவில்லை. அண்ணன் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டென்று ஒரு பழைய சாக்கை உதறி, மூட்டையை அதில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா, என் பஸ்லயே போகலாம்."

"நாயை ஏத்தக் கூடாதே அண்ணே."

"நாயை எவன் ஏத்தறான்? இது மூட்டை. அன்னைக்கு வாங்காத லக்கேஜ் டிக்கெட்டை இன்னைக்குச் சேர்த்து வாங்கறேன்."

பஸ்ஸில் ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன கண்டக்டர், நாத்தம் குடலைப் புடுங்குது?" என்றார். அண்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இறங்கறீங்களா? இறங்கறதுன்னா வண்டியை நிறுத்தறேன். நடந்து வந்தா நல்ல காத்து." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆற்றுப் பாலம் வரை அவள் அந்தச் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தம் அவள் சேலையில் இறங்கிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரி மேஜையில் சாக்கைப் பிரித்ததும் டாக்டரம்மா குனிந்தார். காதைத் தூக்கிப் பார்த்தார். புண் காதின் பாதியைத் தின்றிருந்தது. தன் போனை எடுத்து, அவள் கடைசியாக அனுப்பிய படத்தைத் திறந்து, மூட்டையின் தலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏம்மா, இது யார் வீட்டு நாய்?"

"எங்க மூட்டைதான் டாக்டர்."

"இந்தக் காதுல புண் எங்கே? நீ அனுப்பின படத்தைப் பார்த்துத்தானே நான் கடுமையான ஊசி வேணாம்னு வெச்சிருந்தேன்! வேற நாயோட படத்தை அனுப்பினியா?"

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நானா பொய் சொல்கிறவள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்தாள். காதின் ஓரத்தில் மூன்று முடி, நடு முடி மட்டும் கொஞ்சம் வளைந்து. அதற்குக் கொஞ்சம் கீழே அதே மூன்று முடி. அதே வளைவு.

தையற்காரிக்குத் தன் தையல் தெரியாதா? நல்ல தோலைக் கிள்ளி எடுத்துப் புண் மேல் போட்ட ஒட்டு அது. அவள் கை போட்டது. போட்டது அவளுக்கே தெரியாது.

"நான்தான் டாக்டர்," என்றாள். "என் வேலை இது. பத்திரிகையில. கை பழகிப்போச்சு."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஊசி மருந்தை உறிஞ்சிக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நான் நோயைக் காட்டுன்னேன். நீ அழகைக் காட்டியிருக்கே. இவன் உடம்பு சண்டை போடவே இல்லை, நான் அது ஜெயிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப சிறுநீரகத்துலயும் கை வெச்சிருக்கு. கடுமையான ஊசியை ஆரம்பிக்கறேன், பாடம் சொல்ற ஊசியையும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன். பொழைப்பானான்னு கேட்காதே. எனக்குத் தெரியாது."

மூட்டையை அங்கேயே படுக்க வைத்துக்கொண்டார்கள். அண்ணன் அவளைத் திட்டவே இல்லை. அவள் தோளைத் தட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, டியூட்டிக்குப் போனார்.

அவள் நேரே ஆபீசுக்குத்தான் போனாள். வேறு எங்கே போவது? சாம்பல் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தால், அந்த மாதத்துச் 'சருமக் கேள்வி' பக்கத்துப் படங்கள் வந்து காத்திருந்தன. வாசகிகள் தங்கள் தோல் கோளாறைப் படமெடுத்து அனுப்புவார்கள், தோல் டாக்டர் ஒருத்தர் பதில் எழுதுவார். பத்திரிகையிலேயே அதிகம் பேர் படிக்கிற பக்கம். அதற்கும் மேடம் சட்டம் ஒன்று வைத்திருந்தார்: அசிங்கமான படம் இந்த ஆபீசை விட்டு எங்கேயும் போகக் கூடாது. ஆகவே படம் முதலில் டச்சப்புக்கு வரும், துடைத்த பிறகுதான் டாக்டருக்குப் போகும்.

முதல் படம் ஒரு குதிகால். அதில் ஒரு மச்சம், ஓரமெல்லாம் பிசிறி, ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நீலம். அந்தக் குதிகாலை அவளுக்குத் தெரியும். வெடிப்பு, கோடு எல்லாம் தெரியும். கூட வந்த கேள்வியை லேஅவுட்காரர் படத்தின் மேலேயே ஒட்டி வைத்திருந்தார். எழுதியவள் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். "போன தடவை டாக்டர் ஐயா, இது சாதாரண மச்சம், கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் இது பெரிதாகிக்கொண்டே போகிறது ஐயா."

போன தடவை அதை வட்டமாக்கியது யார்?

பேனா ஏற்கனவே அவள் கையில் இருந்தது. அது பிசிறின் ஓரத்துக்குப் போய் நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிருந்தது! பாம்பை உதறுகிற மாதிரி அதை உதறினாள். எழுந்து மாடிக்குப் போனாள். அந்தப் படிக்கட்டைக் கூப்பிடாமல் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை.

மேடம் ஒரு அட்டைப் படத்தைக் கையில் பிடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன இது, சேலையெல்லாம் ரத்தம்? பார்க்கவே அருவருப்பா இருக்கு."

"மேடம், அந்தச் சருமக் கேள்விப் படமெல்லாம் துடைக்காம டாக்டருக்குப் போகணும்."

"ஏன்?"

"துடைச்சா டாக்டருக்கு என்ன தெரியும்? அந்த டீச்சரோட மச்சம் பெருசாகுதாம். போன தடவை நான் வட்டமாக்கித்தான் அனுப்பினேன். அவர் வட்டத்தைப் பார்த்து ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டார்."

மேடம் சிரித்தார். கண்ணோரம் சுருங்காமல் சிரிக்க அவருக்கு வரும். "இதுக்கா இவ்வளவு? பதில் எப்பவும் ஒண்ணுதானேம்மா. தண்ணி நிறையக் குடிங்க, வெயில்ல அலையாதீங்க, பின் அட்டையில விளம்பரம் வர்ற க்ரீமைத் தடவுங்க. படிக்கறவங்க ஓய்வா சாய்ஞ்சுக்கிட்டுப் புரட்டற பத்திரிகை இது. அவங்க முன்னாடி புண்ணைக் கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?"

"பத்திரிகையில வைக்க வேணாம் மேடம். டாக்டர் கண்ணுல வைங்க. புண்ணு வந்தவ உங்ககிட்டே காலை நீட்டிக் காட்டறா. நீங்க அதுக்குப் பவுடர் போட்டு அனுப்பறீங்க. அவ செத்தா அந்தப் படத்தையும் துடைச்சுக் குடுன்னு சொல்வீங்களா?"

மேடத்தின் முகம் மாறியது. குரல் மட்டும் பட்டு மாதிரியே இருந்தது. "இத பார். உன் மூஞ்சி மேல உனக்கு இருக்கற கோபத்தை என் பத்திரிகை மேல காட்டாதே. பாவமேன்னு வேலை குடுத்து ஒரு ரூம்ல உட்கார வெச்சேன். கீழே போய் அந்த மச்சத்தை வட்டமாக்கு."

இத்தனை வருஷமும் இந்த வார்த்தை வரும் வரும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். வந்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால், அதற்கா பயந்தோம் என்றிருந்தது. அன்று காலையில் ஒரு காதைப் பார்த்தவளுக்கு இந்த வார்த்தை கொசுக்கடி.

"இந்த மூஞ்சி மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை மேடம். இதை யாரும் துடைக்கலை. எந்த டாக்டர் பார்த்தாலும் என்ன வியாதின்னு சொல்லிடுவார்."

கீழே வந்தாள். லேஅவுட்காரரிடம் தோல் டாக்டரின் நம்பரைக் கேட்டாள். அவர் மாடியைப் பார்த்தார், அவள் சேலையைப் பார்த்தார், எழுதிக் கொடுத்தார். டீச்சரின் குதிகாலையும், கூட வந்திருந்த மற்ற படங்களையும், போன மாதத்துப் பழைய படங்களையும், வந்தது வந்தபடி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அந்த டாக்டரே கூப்பிட்டார்.

"யாரும்மா நீ? எனக்கு வந்த படத்துல இது இப்படி இல்லையே!"

அன்றைக்கு இரண்டாம் தடவையாக அவள் சொன்னாள்: "நான்தான் டாக்டர் துடைச்சேன்."

அப்புறம் அவர் கேட்டார். "அந்த டீச்சரோட போன் நம்பர் இருக்கா? உடனே குடு. இன்னைக்கே அவங்க வரணும்."

டீச்சர் போனாள். அது புற்றுநோய் மச்சம். அதோடு குதிகால் சதையையும் அறுத்து எடுத்தார்கள், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலோடு நின்றிருக்காது என்றார்களாம். போன தடவையே பார்த்திருந்தால் சின்னக் கீறலோடு முடிந்திருக்கும். அதை யார் யாரிடம் போய்க் கேட்பது?

மேடம் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த இதழில் அந்தப் பக்கத்தின் அடியில் அழகான எழுத்தில் ஒரு வரி போட்டார்: 'வாசகியர் இனிப் படங்கள் அனுப்ப வேண்டாம்.' தீர்ந்தது. துடைக்கிற வேலையும் மிச்சம்.

அதைப் படிக்கும்போது டச்சப் அக்கா அந்த ஆபீசில் இல்லை. டாக்டர் கூப்பிட்ட அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். விளம்பரக்காரர்கள் இரண்டு பேர் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க மேடத்தின் அறைக் கதவை அகலத் திறந்து, ரத்தச் சேலையோடு நின்று, "நான் போறேன் மேடம். கதவைச் சாத்திக்கங்க, ஏசி வெளியே போகுது" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

இப்போது ஒரு சின்ன ஸ்டூடியோவில் அடையாள அட்டைக்குப் படமெடுக்கிறாள். அந்தப் படத்தில் கை வைக்கக் கூடாது என்று சட்டம். கவனியுங்கள், இதுவும் சட்டம்தான்! காது இரண்டும் தெரிய வேண்டும், தழும்பு இருந்தால் தெரிய வேண்டும். வருகிறவர்கள் குழைவார்கள்: "அக்கா, இந்தக் கன்னத்துல மட்டும் லேசா..." அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "கன்னத்தைத் துடைச்சா அப்புறம் இது நீங்கதான்னு யார் சாட்சி சொல்றது? நேரா உட்காருங்க."

கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. ஏன் தீர வேண்டும்? கடையில் தொங்கும் பத்திரிகை அட்டைகளைக் கடந்து போகும்போது நின்று பார்ப்பாள். எங்கே எந்தத் தோலைக் கிள்ளி எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று அவள் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சாம்பல் அறையில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையும் பழகிக்கொண்டிருக்கும். ஒட்டுண்ணி என்றால் மணல் ஈ கொண்டு வருவது மட்டும்தானா?

மூட்டை பிழைத்தான். பிழைத்தான் என்றால் முழுசாக இல்லை. இடது காது பாதிதான் இருக்கிறது. கண்ணைச் சுற்றி இருந்த முடி முளைக்கவே இல்லை. சிறுநீரகத்துக்கென்று தனிச் சாப்பாடு. கடுமையான ஊசி ஒரு பக்கம் திருடனை அடித்தது, பாடம் சொல்லும் ஊசி மறுபக்கம் காவல்காரனை உலுக்கியது. நெடுநாள் கழித்து ஒரு நாள் அவன் தட்டை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு, இன்னும் இல்லையா என்று பார்த்தான்.

"ஜெயிச்சுட்டானா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"திருடன் போகலைம்மா, உள்ளேதான் இருப்பான். காவல்காரன் முழிச்சுக்கிட்டான், அவ்வளவுதான். இனி அவன் தூங்காம நீயும் பார்த்துக்கணும், நானும் பார்த்துக்கணும். படம் வந்துக்கிட்டே இருக்கட்டும். யார் எடுக்கறீங்க?"

"நான் எடுக்கலை. எங்க அண்ணன்."

அவள் கையை அவளே நம்புவதில்லை. அந்தப் போனைத் தொடுவதே இல்லை. வாரா வாரம் அண்ணன்தான் படமெடுக்கிறார். அவர் எடுக்கிற படத்தைப் பார்க்க வேண்டுமே! பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல். மீதிப் பாதியில் மூட்டையின் நாக்கு. ஆனால் எங்கேயோ ஒரு மூலையில் காது இருக்கும், இருக்கிறபடி இருக்கும். டாக்டரம்மா, "கட்டைவிரல் நல்ல ஆரோக்கியமா இருக்கு, காதை இன்னும் கொஞ்சம் காட்டுங்க" என்று பதில் போடுவார்.

போன வாரம் மூட்டை திமிறிக்கொண்டே இருந்தான். அவள் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து, அவன் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் எடுத்துவிட்டுப் போனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"அட, உன் மூஞ்சியும் சேர்ந்து விழுந்துடுச்சு. அதுவும் இவ்வளவு பெருசா. வேற எடுக்கட்டுமா?"

அவள் எட்டிப் பார்த்தாள். நல்ல வெயில். அவள் கன்னத்துக் குழி ஒவ்வொன்றும் தெரிந்தது. பக்கத்தில் மூட்டையின் அரைக்காது, ஓரத்தில் காய்ந்த பொருக்கோடு, அச்சடித்த மாதிரித் தெளிவாக இருந்தது. அவள் விரல் நுனி ஒரு கணம் அரித்தது. விரலை மடக்கி மூட்டையின் கழுத்து மயிருக்குள் புதைத்துக்கொண்டாள்.

"காது தெரியுதா?"

"தெரியுது."

"அப்புறம் என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே? அனுப்புண்ணே."